வீட்டு ஸ்டுடியோ: முதலில் சாம்ப்ளரை முடிவு செய்வதா, லைப்ரரியையா?

அரைச்சுருதி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். குறும்படப் பின்னணி இசைக்கும் பாட்டுகளுக்கும் சாம்பிள் லைப்ரரிகள் (உண்மைக் கருவிகளை நோட்டு நோட்டாகப் பதிவு செய்த தொகுப்புகள்) சேர்க்கத் தொடங்குகிறேன். கையில் உள்ளவை: 16 ஜிபி ரேம் கொண்ட லேப்டாப், உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி (பாதிக்கு மேல் நிரம்பியது), வெளியே யுஎஸ்பியில் 2 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க், 49 கீ மிடி கீபோர்டு, ரீப்பர் (இசைப்பதிவு மென்பொருள்). பியானோ, ஸ்ட்ரிங்ஸ், டிரம்ஸ் மூன்றும் கட்டாயம் வேண்டும். கொயர் கிடைத்தால் நல்லது.

தெரிய வேண்டியவை: லைப்ரரிகளை ஒலிக்க வைக்கும் சாம்ப்ளர் மென்பொருளான கான்டாக்ட்டின் முழுப் பதிப்பை வாங்கியே ஆக வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பவை போதுமா? இலவச லைப்ரரி ஒன்றைத் திறந்து வாசித்தால் சரியாகக் கால் மணி நேரத்தில் ஒலி நின்றுவிடுகிறது, இது கணினிக் கோளாறா? லைப்ரரிகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கலாமா? டெமோ பாட்டு எல்லாமே அற்புதமாகத்தான் இருக்கிறது, நல்லதையும் சுமாரானதையும் எப்படிப் பிரித்தறிவது?

---

தந்திமீட்டி

கடைசிக் கேள்விதான் உண்மையில் முதல் கேள்வி. எந்த ஒலி வேண்டும், அது எந்த லைப்ரரியில் இருக்கிறது என்று முடிவானால் சாம்ப்ளர் எது என்பது அதோடு சேர்ந்தே முடிவாகிவிடும். சாம்ப்ளரை முதலில் வாங்குகிறவர்கள் பிறகு அதில் ஓடுகிற லைப்ரரியாகத் தேடித் தேடி, தேவையில்லாததையும் வாங்கி அடுக்குவார்கள்.

ஒலி நிற்பது கோளாறு அல்ல. நீங்கள் திறந்தது இலவச கான்டாக்ட் ப்ளேயராகத்தான் இருக்கும். ப்ளேயருக்கென்று குறியாக்கம் செய்து வெளியிட்ட லைப்ரரிகள் மட்டுமே அதில் தடையில்லாமல் ஓடும். மற்ற என்கேஐ கோப்புகளும் (கான்டாக்ட்டின் கருவிக் கோப்புகள்) திறக்கும், ஆனால் டெமோ நிலையில். 15 நிமிடத்தில் மௌனமாகிவிடும். "இலவச லைப்ரரி" என்ற அறிவிப்பின் கீழே பொடி எழுத்தில் "முழு கான்டாக்ட் தேவை" என்று இருக்கும், அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் இருக்கும். புதிய பதிப்பில் சேமித்த என்கேஐ பழைய பதிப்பில் திறக்காது, ஆகவே 7 கேட்கும் லைப்ரரியை 6 வைத்திருப்பவர் வாங்கிப் பயனில்லை. பழைய கோப்பு புதியதில் திறப்பதில் சிக்கல் இல்லை.

உங்கள் பட்டியலுக்கு முழு கான்டாக்ட் இப்போது தேவைப்படாது. ஸ்பிட்ஃபயர், ஈஸ்ட்வெஸ்ட் போன்றவர்கள் தங்கள் லைப்ரரியோடு சொந்த ப்ளேயரையே தருகிறார்கள் (ஈஸ்ட்வெஸ்ட்டின் பழைய 'ப்ளே' போய் 2021 முதல் 'ஓபஸ்'). டிரம்ஸுக்கான பெரிய தயாரிப்புகளும் அப்படித்தான், சொந்த ப்ளக்இன். இலவசமாகப் பார்த்தால் எஸ்எஃப்இசட் கோப்புகளுக்கு (எந்தச் சாம்பிள் எந்தக் கீயில் என்று சொல்லும் பொது வடிவம்) ப்ளோக் நிறுவனத்தின் சஃபோர்சாண்டோ இருக்கிறது, தனக்கென்று சொந்தக் கோப்பு வடிவம் கொண்ட டீசன்ட் சாம்ப்ளரும் இருக்கிறது. இரண்டுமே ரீப்பர் போன்ற பெரும்பாலான இசைப்பதிவு மென்பொருள்களில் ப்ளக்இன்னாக நிற்கும். பியானோவுக்குச் சலமாண்டர் கிராண்டை எஸ்எஃப்இசட்டில் எடுத்துப் பாருங்கள். யமஹா சி5, 16 வெலாசிட்டி அடுக்கு (கீயை அழுத்தும் வேகத்துக்கேற்பத் தனித்தனிப் பதிவு), மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு சாம்பிள். காசு கொடுத்து வாங்கும் பல பியானோக்களில் இத்தனை அடுக்கு இருக்காது. ஸ்ட்ரிங்ஸுக்குப் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு வெறும் 200 எம்பி அளவுதான், உங்கள் லேப்டாப்புக்குப் பாரமே இல்லை. மைக் தேர்வு கிடையாது, ஆர்ட்டிகுலேஷன் (வாசிப்பு முறை வகைகள்) குறைவு. ஆனால் எழுதிப் பழக ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா.

முழு கான்டாக்ட்டுக்குக் காசு போடலாம் என்று நான் சொல்வது இரண்டே நிலையில். அதைக் கேட்கும் லைப்ரரிகள் குறைந்தது இரண்டு உங்கள் விருப்பப் பட்டியலில் நிலையாக நிற்க வேண்டும். அல்லது நீங்களே சாம்பிள் எடுத்து, மேப் செய்து, ஸ்கிரிப்ட் வரை போகப் போகிறீர்கள் என்று இருக்க வேண்டும்.

ரீப்பரில் ஏற்கெனவே ரியாசாம்ப்ளோமேட்டிக் 5000 இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். கிக், கைதட்டல், ஒரு சிறு எஃபெக்ட் இவற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். அலைக்கோப்பை இழுத்துப் போட்டதும் எந்தக் கீயை அழுத்தினாலும் ஒரே சுருதியில் ஒலிக்கும், அதைப் பார்த்துப் பலர் "இது சாம்ப்ளரே இல்லை" என்று மூடிவிடுகிறார்கள். தொடக்க மோடு மிடி நோட்டைக் கண்டுகொள்ளாத மோடு, அவ்வளவுதான். அதே பட்டியலில் அரைச்சுரம் மாற்றும் நோட்டு மோடைத் தேர்ந்தெடுத்தால் கீபோர்டு முழுக்கப் பரவும். கீயை விட்ட பிறகும் ஒலி தொடர்ந்தால் நோட்-ஆஃபை மதிக்கச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

---

வட்டுசுழற்றி

டிஸ்க் விஷயத்துக்கு நான் வர்றேன். "ஹார்ட் டிஸ்க் வேகம் பத்தாது"ன்னு பொதுவா சொல்வாங்க, ஆனா சிக்கல் வேகத்துல இல்லை. கணக்கைப் பாருங்க.

44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ: 44,100 × 3 பைட் × 2 = நொடிக்கு 2,64,600 பைட். நூறு குரல் (ஒலிச்சுக்கிட்டிருக்கிற ஒவ்வொரு சாம்பிளும் ஒரு குரல்) ஒரே நேரத்துல ஓடினாலும் நொடிக்கு 26 எம்பி தான் ஆகுது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தொடர்ச்சியா படிச்சா அதைவிடப் பல மடங்கு தரும். மாட்டிக்கிறது எங்கேன்னா, அந்த நூறு குரலும் டிஸ்க்ல நூறு வேற வேற இடத்துல இருக்கு. ஹெட் ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் தாவி, தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்க 10 முதல் 15 மில்லிநொடி ஆகும்.

இப்ப சாம்ப்ளர் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒவ்வொரு சாம்பிளோட தொடக்கத் துண்டை மட்டும் ரேம்ல வெச்சுக்கும், மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்லேர்ந்து இழுக்கும். 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் இந்த வழியைக் கொண்டுவந்தது, இன்னிக்கும் இதே வழிதான். கான்டாக்ட்ல இந்தத் துண்டு வழக்கமா 60 கேபி. மேல உள்ள கணக்குப்படி அது 0.23 நொடி ஒலி. கீயை அழுத்தினதுலேர்ந்து 0.23 நொடிக்குள்ள மீதி வந்து சேரணும். பெடலை மிதிச்சுக்கிட்டு பத்து விரலும் வெச்சு ரெண்டு மைக் ஓடினா 20 குரல். 20 × 12 மில்லிநொடி = 0.24. எல்லையைத் தொட்டாச்சு! அந்த இடத்துலதான் டக் டக்னு வெட்டும், இல்லேன்னா நோட்டு பாதியில அறுந்து போகும். எஸ்எஸ்டியில இந்தத் தாவல் நேரம் மில்லிநொடியில ஒரு பகுதிதான், அதனால தப்பிச்சுடுது.

இது தோராயக் கணக்கு. டிஸ்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் கோரிக்கைகளை வரிசை மாத்தி கொஞ்சம் சமாளிக்கும். ஆனா எந்தப் பக்கம் இடிக்குதுன்னு புரியும்.

அதனால உங்களுக்கு: அந்த 2 டிபி டிஸ்க் பேக்கப்புக்கும், இன்ஸ்டாலர் கோப்புகளை வெச்சுக்கவும். வாசிக்கிற லைப்ரரிக்கு வெளி எஸ்எஸ்டி ஒண்ணு, 1 டிபி, யுஎஸ்பி 3 போர்ட்ல. என்விஎம்இ வேணும்னு கட்டாயம் இல்லை, சாட்டா வகையே சாம்பிளுக்குப் போதும். கேபிளைக் கவனிங்க, சார்ஜருக்கு வந்த சி-டைப் கேபிள் நிறைய யுஎஸ்பி 2 வேகம்தான் தரும், லோட் ஆகுறதுக்குள்ள தூக்கம் வந்துடும். விண்டோஸ், மேக் ரெண்டுலயும் மாத்தி மாத்தி செருகுறதா இருந்தா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல ஒரு கோப்பு அதுல நிக்காது, லைப்ரரிக் கோப்புகள் அதைத் தாண்டும்.

எஸ்எஸ்டிக்கு மாறினதும் கான்டாக்ட் செட்டிங்ஸ்ல மெமரி பகுதிக்குப் போய், ப்ரீலோடு அளவை நாமே தீர்மானிக்கிற பெட்டியை டிக் பண்ணி 60ஐ 12 ஆக்குங்க. பத்தாயிரம் சாம்பிள் உள்ள ஸ்ட்ரிங்ஸ் பேட்ச் (லைப்ரரியில ஒரு கருவி) 600 எம்பிலேர்ந்து 120 எம்பிக்கு இறங்கும். வெட்டு விழுந்தா 18, 24னு ஏத்திக்கிட்டே வாங்க. ஹார்ட் டிஸ்க்ல இதைச் செய்யவே செய்யாதீங்க, 12 கேபின்னா 0.045 நொடிதான் கைல இருக்கு.

ரேம்: 16ல சிஸ்டம், ரீப்பர், திறந்து வெச்ச பிரவுசர் எல்லாம் போக 10 ஜிபி கைக்கு வரும்னு வெச்சுக்கங்க. பாட்டு எழுதி முடிஞ்சதும் கான்டாக்ட்ல பர்ஜ் மெனுவுல மார்க்கர்களை ரீசெட் பண்ணி, பாட்டை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒருதரம் ஓட்டி, சாம்பிள் பூலை அப்டேட் பண்ணுங்க. ஒலிக்காத சாம்பிள் எல்லாம் ரேமை விட்டுப் போயிடும். அதுக்கு அப்புறம் புதுசா ஒரு நோட்டு சேர்த்து அது ஒலிக்கலேன்னா பதற வேண்டாம், அந்த பேட்ச்ல எல்லா சாம்பிளையும் ரீலோடு பண்ணினா வந்துடும்.

வாங்குறதுக்கு முன்னாடி இடத்தைப் பார்க்கறப்ப ரெட்டிப்பா கணக்கு போடுங்க. நிறைய இன்ஸ்டாலர் சுருக்கின கோப்பை முழுசா இறக்கி, அப்புறம் விரிச்சு, அப்புறம்தான் பழசை அழிக்கும். 80 ஜிபி லைப்ரரிக்கு 160 ஜிபி காலி இடம் இல்லேன்னா பாதியில நிக்கும்.

---

அரைச்சுருதி

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: லைப்ரரி அளவு பெரிதாக இருந்தால் தரமும் கூடுதலா? ஒரே பியானோ 2 ஜிபியிலும் இருக்கிறது, 100 ஜிபியிலும் இருக்கிறது.

---

நுண்செவி

அளவு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். 88 கீ, 10 வெலாசிட்டி அடுக்கு, சராசரியாக 10 நொடி நீளம்: 8,800 நொடி ஒலி, மேலே சொன்ன கணக்கில் 2.3 ஜிபி. இதையே ஐந்து மைக் ஜோடியில் எடுத்தால் 11.6 ஜிபி. பெடல் மிதித்த நிலையில் தனியாக ஒரு முறை எடுத்தால் 23. அதையும் 96 கிலோஹெர்ட்ஸில் கொடுத்தால் 50 ஜிபி. வாசிக்கும் கைக்குப் பயன்படுவது அடுக்குகளும் பெடல் சாம்பிள்களும்தான். மைக்கில் ஒன்றோ இரண்டோதான் மிக்ஸில் நிற்கும். 96ஐ விட்டுவிடலாம். ஆகவே ஜிபியைப் பார்க்காமல் அடுக்கு எத்தனை, ரவுண்ட் ராபின் (ஒரே நோட்டுக்கு மாறி மாறி வரும் மாற்றுப் பதிவுகள்) எத்தனை, எத்தனை அரைச்சுரத்துக்கு ஒரு சாம்பிள் என்று பாருங்கள். இந்த மூன்றையும் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லாத லைப்ரரியை நான் சந்தேகத்தோடுதான் அணுகுவேன்.

டெமோ பாட்டை நம்ப வேண்டாம். அது ஒரு நல்ல இசையமைப்பாளர் அந்த லைப்ரரியின் பலவீனமான இடங்களைத் தவிர்த்து எழுதியது; மேலே ரிவர்பும் ஈக்யூவும் இருக்கும். தயாரிப்பாளர் ஒவ்வொரு பேட்ச்சாகத் திறந்து வாசித்துக் காட்டும் வீடியோ இருந்தால் அதைக் கேளுங்கள். சோதனைப் பதிப்போ திருப்பித் தரும் வசதியோ இருந்தால் ரீப்பரில் ஒரு சோதனைத் திட்டக் கோப்பை உருவாக்கி வைத்துக்கொண்டு, எந்த லைப்ரரி வந்தாலும் அதே மிடியை ஓட்டுங்கள். என் கோப்பில் இருப்பவை இவை.

ஒரே நோட்டு, வெலாசிட்டி 90, பதினாறாம் பாகத்தில் 16 முறை. இதை எல்லா ரிவர்பையும் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ரவுண்ட் ராபின் இல்லாவிட்டால் தையல் மெஷின் மாதிரி ஒலிக்கும், அது உடனே தெரியும். இரண்டு மட்டும் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று ஒரே மாதிரி வரும், இது ரவுண்ட் ராபினே இல்லாததைவிட எரிச்சல். ஸ்னேரில் நான்குகூடச் சில சமயம் பிடிபட்டுவிடும். ஸ்ட்ரிங்ஸ் ஸ்டக்காட்டோவுக்கு நான்கு நன்றாகவே தாங்கும்.

அடுத்தது படிக்கட்டு. நடு சி, வெலாசிட்டி 3 தொடங்கி நான்கு நான்காக 127 வரை, 32 நோட்டு. ஒலியளவு ஏறுவதோடு நிறமும் மாற வேண்டும்: மெல்ல வாசித்தால் மந்தமாக, ஓங்கி வாசித்தால் பிரகாசமாக. நிறம் ஒன்றுபோலவே இருந்து சத்தம் மட்டும் கூடினால் அங்கே அடுக்கே இல்லை, வால்யூமைத்தான் திருப்புகிறார்கள். எங்காவது ஒரு படியில் திடீரென்று வேறு கருவி மாதிரி ஒலித்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 83 என்றால், உங்கள் கை இயல்பாக 75 முதல் 95 வரை அலையும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தக் குதி கேட்கும். படிக்கட்டை மிடியில் எழுதியே ஓட்ட வேண்டும். கீபோர்டில் கையால் செய்தால் கீபோர்டின் குறை லைப்ரரியின் தலையில் விழும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 110ஐத் தாண்டாத கீபோர்டுகள் இருக்கின்றன.

பிறகு அரைச்சுரம் அரைச்சுரமாக மெதுவாக மேலே, நோட்டுக்கு இரண்டு நொடி. மூன்றுக்கு ஒன்று என்று சாம்பிள் எடுத்திருந்தால் மூன்று நோட்டுக்கு ஒருமுறை நிறம் மாறும். வைப்ரேட்டோ உள்ள கருவியில் இன்னும் தெளிவு: ஒரு அரைச்சுரம் மேலே இழுத்தால் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, வைப்ரேட்டோவும் அதே அளவு அவசரப்படும். ஒரே ராகத்தில் வயலின்காரர் நோட்டுக்கு நோட்டு வேறு வேகத்தில் கையை ஆட்டுவது போல இருக்கும்.

இரைச்சலையும் பாருங்கள். மெல்லிய அடுக்குகளை அளவு உயர்த்திக் கொடுத்திருந்தால் அறையின் இரைச்சலும் சேர்ந்தே உயர்ந்திருக்கும். ஒரு நோட்டில் தெரியாது. பத்து நோட்டுக் கார்டை மெதுவாகப் பிடியுங்கள்: பத்து இரைச்சல் சேர்ந்தால் 10 டெசிபெல் ஏறும், மழை பெய்கிற மாதிரிக் கேட்கும்.

ஸ்ட்ரிங்ஸுக்கும் கொயருக்கும் கூடுதலாக ஒன்று. நோட்டைப் பிடித்துக்கொண்டு சிசி1ஐ (மாட் வீல் அனுப்பும் மிடி கட்டுப்பாட்டு எண்) 0 முதல் 127 வரை எட்டு நொடியில் ஏற்றுங்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் குழு ஒலி என்றால் பரவாயில்லை. தனி வயலின், தனிக் குரல் என்றால் நடுவில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போலவோ, குழாய்க்குள்ளிருந்து வருவது போலவோ கேட்கும். இது ஃபேஸ் பிரச்சினை, எந்த ஈக்யூவாலும் போகாது. தனிக் கருவிகளை வாங்கும்போது நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.

லெகாட்டோ தனிக் கதை. ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் சறுக்கலையும் பதிவு செய்திருப்பதால் புதிய நோட்டு அழுத்திய உடனே வராது. 100 மில்லிநொடிக்கு மேலும் தாமதிக்கும். நேரடியாக வாசிக்கும்போது தாளம் பின்னால் இழுப்பது போல இருக்கும், லைப்ரரியின் மேல் தவறில்லை. கையேட்டில் தாமத எண் கொடுத்திருந்தால் ரீப்பரில் அந்த டிராக்கின் ரௌட்டிங் சாளரத்தில் மீடியா ப்ளேபேக் ஆஃப்செட்டில் அதே எண்ணை மைனஸில் போடுங்கள். நோட்டுகள் கட்டத்தில் சரியாக இருக்கும், ஒலியும் தாளத்தில் விழும். முதல் நோட்டு மட்டும் கொஞ்சம் முந்தும், அதைக் கையால் தள்ளி வையுங்கள்.

---

தந்திமீட்டி

நுண்செவி சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மாற்றுக் கருத்து. ஒரே பியானோவுக்கு எல்லாச் சோதனையும் செய்து நாள்களைக் கழிப்பதற்குப் பதில், சாம்பிளே இல்லாத பியானோடெக் போன்ற மாடலிங் வகையையும் அரைச்சுருதி கேட்டுப் பார்க்கலாம். சில பத்து எம்பிதான் இடம். அடுக்குக் குதி கிடையாது, பெடல் அனுதாப அதிர்வெல்லாம் கணக்கிட்டே வருகிறது. 16 ஜிபி லேப்டாப்பில் ரேம் முழுவதையும் ஸ்ட்ரிங்ஸுக்கு விட்டுவிடலாம். தனியாக, வெறுமையாக ஒலிக்கும் இடத்தில் சாம்பிள் பியானோவின் மரவாசம் இருக்காது என்பார்கள், அது உண்மைதான். மிக்ஸுக்குள் போனால் கண்டுபிடிப்பது கடினம். சிபியூவைத் தின்னும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

49 கீ என்றீர்கள். அதன் இயல்பு எல்லை மிடி 36 முதல் 84 வரை. கீ ஸ்விட்ச்கள் (வாசிப்பு முறையை மாற்றும் கீகள்) பெரும்பாலும் அதற்கும் கீழே, 12, 24 என்ற இடங்களில் இருக்கும். ஆக்டேவ் பட்டனை ஒன்றிரண்டு முறை அழுத்தாமல் கைக்கு எட்டாது. கீ ஸ்விட்ச்சை இடம் மாற்றவோ, சிசி எண்ணுக்கு ஒப்படைக்கவோ அனுமதிக்கும் லைப்ரரியா என்று கையேட்டில் பாருங்கள். இன்னொரு குழப்பம்: கையேட்டில் "சி0" என்று இருக்கும், ரீப்பரில் சி0ஐ அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மிடி 60ஐ கான்டாக்ட் சி3 என்கிறது, ரீப்பர் சி4 என்கிறது. ஒரு ஆக்டேவ் மேலே போட்டால் வேலை செய்யும்.

---

நுண்செவி

பியானோடெக் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், ஸ்ட்ரிங்ஸ் குழுவுக்கு மட்டும் அந்த வழி இன்னும் எனக்கு ஒப்பவில்லை.

"லைப்ரரி சத்தமே தரவில்லை" என்று பலர் கேட்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் நீண்ட நோட்டின் உரப்பு வெலாசிட்டியில் இல்லை, சிசி1இல் இருக்கிறது. மொத்த அளவு சிசி11இல். மாட் வீல் கீழே கிடந்தால் கேட்காத அளவுக்கு மெல்லியதாக ஒலிக்கும். பாட்டின் முதல் நோட்டுக்கு முன்பே இரண்டுக்கும் ஒரு மதிப்பை எழுதிவிடுங்கள், சிசி1க்கு 60, சிசி11க்கு 100 என்று. இல்லாவிட்டால் நடுவிலிருந்து ஓட்டும்போது ஒரு மாதிரியும் தொடக்கத்திலிருந்து ஓட்டும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும், காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

வெவ்வேறு நிறுவனத்து ஸ்ட்ரிங்ஸும் கொயரும் சேரும்போது அறை முட்டிக்கொள்ளும். ஒன்று பெரிய அரங்கில் பதிவானது, இன்னொன்று வறண்ட ஸ்டுடியோவில். அரங்கில் பதிவானதைத் தொடாமல், வறண்டதை மட்டும் அந்த அரங்கின் அளவுக்கு ரிவர்பில் பின்னால் தள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே ரிவர்பைப் பொதுவாகப் போட்டால் ஏற்கெனவே ஈரமானது சேறாகிவிடும்.

---

கோப்புக்காவலன்

லைசென்ஸும் கோப்பு நிர்வாகமும் யாரும் பேசவில்லை, அதனால் இது.

"ராயல்டி ஃப்ரீ" என்றால் உங்கள் இசைக்குள் வைத்து விற்கலாம் என்று பொருள். சாம்பிளைத் தனியாக எடுத்து இன்னொரு சாம்பிள் பேக்காகத் தரக் கூடாது என்ற தடை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். இலவசமாகக் கிடைப்பதில் கிரியேட்டிவ் காமன்ஸ் வகையைப் பாருங்கள். சிசி0 (இது மிடி சிசி அல்ல) என்றால் கட்டுப்பாடில்லை, விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் இந்த வகை. ஆர்கெஸ்ட்ரா கருவிகளுக்கு நல்ல தொடக்கம். பிஒய் என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். என்சி என்ற எழுத்து இருந்தால் காசு வாங்கும் குறும்பட வேலைக்கு அதைத் தொடாதீர்கள். பாட்டு வெளிவந்த பிறகு எந்தச் சாம்பிள் எங்கிருந்து வந்தது என்று தேடுவது நரகம். இறக்கிய அன்றே அந்த லைசென்ஸ் பக்கத்தை அதே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள்.

தயாராக உள்ள மெலடி லூப்புகளில் இன்னொரு தொல்லை. அதே லூப்பை வேறொருவர் முதலில் பயன்படுத்தி கன்டென்ட் ஐடியில் (யூடியூபின் உரிமை கண்டறியும் முறை) பதிந்திருந்தால், முறைப்படி வாங்கிய உங்கள் பாட்டின் மேல் உரிமைக் கோரிக்கை வரும். வாங்கிய ரசீதைக் காட்டி மறுக்கலாம், ஆனால் வெளியீட்டு நாளன்று அந்த வேலை தேவையா? நோட்டு நோட்டாக வாசிக்கும் லைப்ரரிகளில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

ஐலாக் (உரிமம் சரிபார்க்கும் முறை) கேட்கும் தயாரிப்பு என்றால் உரிமத்தைக் கணினியில் வைக்க முடியுமா, யுஎஸ்பி சாவிதான் வேண்டுமா, கிளவுடா என்று முன்பே பாருங்கள். கிளவுட் வகைக்கு வேலை செய்யும் நேரம் முழுக்க இணையம் வேண்டும். மறுவிற்பனையை எதிர்பார்த்து எதையும் வாங்க வேண்டாம், பல நிறுவனங்கள் உரிம மாற்றத்தை அனுமதிப்பதே இல்லை.

ஃபோல்டர்: எஸ்எஸ்டியின் மேல்மட்டத்தில் ஒரே ஃபோல்டர், குட்டிப் பெயர், அதற்குள் எல்லா லைப்ரரியும். விண்டோஸில் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் விரிக்கும்போதே சில கோப்புகள் சத்தமில்லாமல் விடுபடும். பிறகு மூன்று நோட்டு மட்டும் ஒலிக்காது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைக்கவே வேண்டாம். அது கிளவுடோடு ஒத்திசைந்தால், இடத்தை மிச்சப்படுத்த சாம்பிள்களை மேலே தள்ளிவிட்டு இங்கே வெறும் நிழலை வைத்திருக்கும்.

டிஸ்க் மாற்றிய பின் கான்டாக்ட் "சாம்பிள் காணவில்லை" என்றால், கணினி முழுவதையும் தேடச் சொல்லாதீர்கள். சாம்பிள் பெயர்கள் "சி3" மாதிரிப் பொதுவாக இருப்பதால் வேறு லைப்ரரியின் சி3ஐ எடுத்து வந்து பொருத்திவிடும். செல்லோவில் நடுவே ஒரு மணி ஒலிக்கும். அந்த லைப்ரரியின் ஃபோல்டரை மட்டும் நீங்களே காட்டுங்கள். சரியானதும் பேட்ச் ரீசேவ் (எல்லாவற்றையும் மொத்தமாக மறுசேமிக்கும் கட்டளை) செய்தால் எல்லா என்கேஐயிலும் புதிய பாதை எழுதப்படும், லோட் ஆகும் நேரமும் குறையும். செய்வதற்கு முன் என்கேஐ கோப்புகளை மட்டும் நகலெடுத்து வையுங்கள், அவை சிறியவை.

---

அரைச்சுருதி

வெளி எஸ்எஸ்டி வாங்குவது உறுதி. சலமாண்டர், டிஸ்கவர், விஎஸ்சிஓ மூன்றையும் நுண்செவியின் மிடியோடு ஓட்டிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: வீட்டிலுள்ள ஒரு மெட்டலோஃபோனை நானே சாம்பிள் எடுத்து லைப்ரரி ஆக்க முடியுமா? எத்தனை நோட்டு, எத்தனை அடுக்கு போதும்?

---

தந்திமீட்டி

மெட்டலோஃபோன் தொடங்க ஏற்ற கருவி, லூப் தேவையில்லை, தானே அடங்கிவிடும். எல்லாக் கட்டையையும் எடுங்கள். 15 கட்டை, 3 அடுக்கு, 3 ரவுண்ட் ராபின் என்றால் 135 அடி. ஒவ்வொன்றுக்கும் 8 நொடி விட்டால் 18 நிமிடம்தான்.

பதிவு முழுவதும் கெயின் குமிழைத் தொடாதீர்கள். ஓங்கி அடிக்கும் அடுக்கு மைனஸ் 6 டெசிபெலில் நிற்கும்படி முதலிலேயே வைத்து, அதே அளவில் மெல்லிய அடுக்கையும் எடுங்கள். மூன்று அடுக்கையும் ஒரு கட்டையில் முடித்துவிட்டு அடுத்த கட்டைக்குப் போவதைவிட, ஓர் அடுக்கை எல்லாக் கட்டையிலும் அடித்து முடித்துப் பிறகு அடுத்த அடுக்குக்குப் போனால் கை ஒரே பலத்தில் இருக்கும். ஃபேன், ஃபிரிஜ் இரண்டையும் நிறுத்துங்கள் (ஃபிரிஜ்ஜைத் திரும்பப் போட மறக்காமலிருக்க கார் சாவியை அதற்குள் வைக்கலாம்).

வெட்டும்போது தொடக்கத்தில் 2 மில்லிநொடிக்கு மேல் காலி விடாதீர்கள். காலி இடம் கட்டைக்குக் கட்டை மாறினால், வேகமாக வாசிக்கையில் தாளம் தள்ளாடும். முடிவில் அரை நொடி ஃபேட் அவுட். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்தால் மெல்லிய அடுக்கும் ஓங்கிய அடுக்கும் ஒரே சத்தமாகிவிடும், எடுத்த பாடு வீண். கோப்புப் பெயரில் மிடி எண், அடுக்கு, ராபின் மூன்றும் இருக்கட்டும்: 072, 2, 3 என்று.

எஸ்எஃப்இசட் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு வரி: கோப்பின் பெயர், மூலக் கீ, கீழ்க்கீ, மேல்கீ, கீழ் வெலாசிட்டி, மேல் வெலாசிட்டி, ராபின் வரிசையில் எத்தனையாவது. அடுக்குகளை 1–50, 51–95, 96–127 என்று பிரியுங்கள். சமமாக மூன்றாக வெட்டினால் ஓங்கிய அடுக்கு தேவைக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். எல்லை எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அந்த வெலாசிட்டியில் இரண்டு சாம்பிளும் சேர்ந்து ஒலிக்கும், இடைவெளி விட்டால் ஒன்றுமே ஒலிக்காது. லூப் மோடை ஒன்ஷாட் என்று வைத்தால் கீயை விட்டாலும் கட்டை இயல்பாக அடங்கும் வரை ஒலிக்கும். சஃபோர்சாண்டோவில் இழுத்துப் போட்டு, நுண்செவியின் படிக்கட்டை ஓட்டுங்கள். 50க்கும் 51க்கும் இடையே குதி தெரிந்தால் நடு அடுக்கின் வால்யூமை ஒன்றிரண்டு டெசிபெல் குறைத்துப் பாருங்கள். நிறமே பொருந்தவில்லை என்றால் அந்த அடுக்கை மட்டும், சற்று மெதுவான அடியில், மறுபடி எடுங்கள்.